சர்பத் கடையிலிருந்து ஹோட்டல் பள்ளிவரை

எல்லாப் புகழும் இறைவனுக்கே.

நம் சங்கத்தின் பொன்விழா மலரில் எனக்கும் சில பக்கங்கள் ஒதுக்கிய மலர்க்குழுவினருக்கு நன்றி. நான் எழுத்தாளன் அல்லன். உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் மசாலாப் பொருள்களை மொத்தமாக விற்கும் வியாபாரி. பலதுறைத் தொழிற்கல்லூரியில் விருந்தோம்பல் நிர்வாகம் படித்து டிப்ளோமா வாங்கி, ஒரு ஹோட்டலில் மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டு இந்த வியாபாரத்துக்கு வந்தவன். அதனால்தான் "ஹோட்டல் படிப்பைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு எழுதுங்கள்" என்று கேட்டார்கள். எழுத உட்கார்ந்தபோது, படிப்பை மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் வரும் என்று தோன்றியது. இந்தத் தொழிலுக்கும் நமக்கும் உள்ள உறவு எந்தக் கல்லூரிக்கும் முந்தியது.

2006ஆம் ஆண்டு என் ஓ நிலைத் தேர்வு முடிவு வந்தது. விருந்தோம்பல் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அத்தா கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்தார். கேட்டதும் கையில் இருந்த செய்தித்தாளைக் கீழே வைத்தார்.

"தட்டுக் கழுவ டிப்ளோமா எதுக்குத்தா? உங்க நன்னா காலு கடுக்க நின்னு சம்பாதிச்சதே, நீங்கள்லாம் நிக்கக்கூடாதுன்னுதான்."

நன்னா என்றால் என் அம்மாவைப் பெற்றவர். இராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 1950களில் கப்பலேறி வந்து, வாட்டர்லூ ஸ்ட்ரீட் பக்கம் சர்பத் கடை போட்டவர். அத்தா சொன்னதில் தவறில்லை. நன்னாவின் கணுக்கால்கள் வீங்கிப் போயிருந்ததை நாங்கள் எல்லாருமே பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு நூறாண்டு வரலாறு இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

பள்ளிவாசலும் பந்தியும்

ஆங்கிலேயர் 1819இல் இங்கே துறைமுகம் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து நம் முன்னோர் வந்துவிட்டார்கள். அவர்களைச் சூலியாக்கள் என்று அழைத்தார்கள். வணிகர்களாகவும் படகோட்டிகளாகவும் பணம் மாற்றுவோராகவும் அவர்கள் தொழில் செய்தார்கள். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமியா சூலியா பள்ளிவாசல் 1826இலும், தெலுக் ஆயரில் அல் அப்ரார் பள்ளிவாசல் 1827இலும் தொடங்கின. 1828க்கும் 1830க்கும் இடையில் அதே தெருவில் நாகூர் தர்கா எழுந்தது. கடல் கடந்து வந்தவனுக்குத் தொழ இடம் கிடைத்தது. அந்த வளாகங்களைச் சுற்றியே ஊர்க்காரனைப் பார்க்கவும், கைச்செலவுக்குக் கேட்கவும், ஒரு வேளை சாப்பிடவும் வழி பிறந்தது.

விருந்தினரைக் கண்ணியப்படுத்துவதை ஈமானோடு சேர்த்துச் சொன்ன மார்க்கம் நம்முடையது. முன்பின் அறியாத விருந்தினருக்கு இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் பொரித்த கன்றைக் கொண்டுவந்து வைத்த வரலாற்றைக் குர்ஆன் சொல்கிறது. தமிழர் என்ற முறையிலும் நமக்கு இது புதிதல்ல. விருந்தோம்பலுக்குத் திருக்குறளில் ஒரு முழு அதிகாரமே இருக்கிறது. ரமலானில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பெரியவர்களைப் பாருங்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று ஊகித்து, அரிசி அளந்து, குறித்த நேரத்தில், கடைசி ஆளுக்கும் சூடாகக் கொடுக்கிறார்கள். ஹோட்டல் பள்ளியில் இதைத்தான் விருந்து நிர்வாகம் என்ற பெயரில் ஒரு பருவம் முழுவதும் நடத்துகிறார்கள்.

உணவு நம் மக்களுக்குப் பெருந்தொழிலானது இருபதாம் நூற்றாண்டில். சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே நார்த் பிரிட்ஜ் ரோட்டில் 1908இல் மலபார் முஸ்லிம் ஒருவர் தொடங்கிய ஸம் ஸம் உணவகம் இன்றும் முர்தபாக் போட்டுக்கொண்டிருக்கிறது. அதே தெருவில் 1921இல் தொடங்கிய இஸ்லாமிக் உணவகத்தை நிறுவியவர், அல்சகாஃப் குடும்பத்தில் தலைமைச் சமையல்காரராக இருந்தவர். பினாங்கில் கேம்பல் ஸ்ட்ரீட்டின் ஹமீதியா நாசி கண்டார் கடை 1907இல் தொடங்கியது. காவடித் தண்டின் இரு முனையிலும் சோற்றையும் கறியையும் தூக்கித் துறைமுகத் தொழிலாளருக்கு விற்றதால்தான் அந்தச் சோற்றுக்குக் கண்டார் என்ற பெயரே வந்தது.

அடுத்தது சர்பத் கடை. இஞ்சியை இடித்துப் போட்டுக் கொதிக்கவைத்த பால் தேநீர், ரொட்டி, மீ கோரெங், ரோஜாக். நம் தென்காசி, கடையநல்லூர்க் குடும்பங்களில் பெண்களும் கணவன்மாருடன் இங்கே வந்து குடியேறினார்கள். மசாலா அரைத்து விற்றும், தோசை, பலகாரம் சுட்டுக் கொடுத்தும் அவர்கள் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். பண்டாரி, பராட்டா மாஸ்டர், தே மாஸ்டர், சப்ளையர், கல்லாவில் முதலாளி என்று நம் கடைகளில் ஒழுங்கான வேலைப் பிரிவினை இருந்தது. ஒருவன் சப்ளையராகச் சேர்ந்து, தண்ணீர்க் கலக்கக் கற்று, அடுப்படிக்குப் போய், கடைசியில் தனிக் கடை போடுவான். அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும். பாடத்திட்டம் இருந்தது, சான்றிதழ் மட்டும் இல்லை.

பெரிய ஹோட்டல்களின் கதை

நம் கடைகள் வளர்ந்த அதே காலத்தில், சற்றுத் தூரத்தில் வேறோர் உலகம் இருந்தது. சார்க்கீஸ் சகோதரர்கள் என்ற ஆர்மீனியர்கள் 1885இல் பினாங்கில் ஈஸ்டர்ன் ஹோட்டலைத் தொடங்கினார்கள். அதுவே பிறகு ஈஸ்டர்ன் அண்டு ஓரியண்டல் ஆனது. 1887 டிசம்பரில் சிங்கப்பூர் பீச் ரோட்டில், பத்து அறைகள் கொண்ட ஒரு பங்களாவில் ராஃபிள்ஸ் ஹோட்டலைத் திறந்தார்கள். அங்கே தங்கியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். சமையலறையிலும் சாப்பாட்டுக் கூடத்திலும் ஹைனான் சீனர்கள் நிறைய இருந்தார்கள்.

ஹைனான் மக்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மற்ற சீனர்களை விடத் தாமதமாக வந்ததால், நல்ல வியாபாரங்கள் எல்லாம் ஏற்கெனவே பிறர் கையில் இருந்தன. எனவே வெள்ளைக்காரர் வீடுகளிலும் ஹோட்டல்களிலும் கப்பல்களிலும் சமையல்காரராகவும் பரிமாறுபவராகவும் சேர்ந்தார்கள். அங்கே கற்றதை வைத்துப் பின்னாளில் தங்கள் காப்பிக் கடைகளையும் உணவகங்களையும் நிறுவினார்கள். ஹோட்டல் அவர்களுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது. நமக்குச் சொந்தக் கடை இருந்தது. அதனால் அந்தப் பள்ளிக்கு நாம் அதிகம் போகவில்லை.

இந்தத் தொழிலை முறைப்படி கற்பிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசானில் 1893இல் ஹோட்டல் பள்ளி திறக்கப்பட்டது. உலகின் மிகப் பழைய ஹோட்டல் பள்ளி அதுதான். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் 1922இல் ஹோட்டல் நிர்வாகப் படிப்பைத் தொடங்கியது. பாரிஸில் 1898இல் தம் பெயரில் ஹோட்டல் திறந்த சீசர் ரிட்ஸ், ஒரு சுவிஸ் மலைக் கிராமத்து விவசாயியின் பதின்மூன்றாவது பிள்ளை. சாப்பாட்டுக் கூடத்தில் எடுபிடியாகத் தொடங்கியவர். அவருடன் பணியாற்றிய சமையல் வல்லுநர் எஸ்கோஃபியர், சமையலறையைப் பிரிவு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரை வைத்தார். 1903இல் தம் சமையல் முறைகளை எல்லாம் பெரும் நூலாக எழுதி வைத்தார். அவர் எழுதியதால்தான் இன்று உலகமெங்கும் அந்தச் சமையலைக் கற்பிக்க முடிகிறது. இதை நினைவில் வையுங்கள். கட்டுரையின் கடைசியில் மீண்டும் இதற்கு வருவேன்.

ஒரே காலத்தில் இரண்டு மாற்றங்கள்

1964இல் சிங்கப்பூர்ப் பயணத்துறை மேம்பாட்டுக் கழகம் அமைந்தது. அந்த ஆண்டு இங்கு வந்த பயணிகள் ஏறத்தாழ 91,000 பேர். ஆர்ச்சர்ட் ரோட்டில் ஹில்டன் 1970இலும், அருகே ஷங்ரி-லா 1971இலும் திறந்தன. ஆர்ச்சர்ட் ரோட்டுக் கார் நிறுத்துமிடத்தில் மாலையானதும் வண்டிக் கடைகள் வந்து நிற்கும். பெரிய ஹோட்டலில் தங்கியவர்களும் இரவில் அங்கே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். 1978இல் அந்தக் கடைகள் அகற்றப்பட்டன.

நம் சங்கம் தொடங்கப்பட்ட 1970களில், தெருவில் கடை வைத்திருந்த நம்மவர்களின் பெரிய கவலையே இதுதான். 1968, 1969ஆம் ஆண்டுகளில் அங்காடிக்காரர்களைப் பதிவு செய்தார்கள். பிறகு படிப்படியாக உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றினார்கள். நன்னாவுக்கும் ஒரு கடை கிடைத்தது. குழாயில் தண்ணீர், தலைக்கு மேல் கூரை, அதிகாரிகள் வந்தால் ஓட வேண்டியதில்லை. "அல்ஹம்துலில்லாஹ், அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்குனேன்" என்பார். தெருவோரக் கடைகளை மாற்றும் பணி 1986இல் முடிந்தது. அதே 1986இல்தான் ஸ்டாம்ஃபர்டு ரோட்டில் 73 மாடிகளுடன் வெஸ்டின் ஸ்டாம்ஃபர்டு திறந்தது. அப்போது உலகிலேயே உயரமான ஹோட்டல் அது.

இந்த ஹோட்டல்களுக்கு எல்லாம் ஆட்கள் வேண்டுமே! சிங்கப்பூர் ஹோட்டல் சங்கம் 1983இல் ஷாட்டெக் என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. 1990இல் தொடங்கிய தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியும், 2002இல் தொடங்கிய ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரியும் விருந்தோம்பலில் டிப்ளோமா வழங்கின. தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் சமையலுக்கும் ஹோட்டல் பணிக்கும் படிப்புகள் வந்தன. ஆக, கடையில் பதினைந்து ஆண்டில் கற்றதற்கு மூன்று ஆண்டில் சான்றிதழ் கிடைக்கும் காலம் பிறந்தது. அந்த வகுப்புகளில் நம் பிள்ளைகள் குறைவு. என் வகுப்பில் தமிழ் முஸ்லிம் நான் ஒருவன்தான்.

நாம் ஏன் தயங்கினோம்?

காரணங்கள் மூன்று. ஒவ்வொன்றையும் நேர்மையாகப் பார்ப்போம்.

முதலாவது ஹலால். ஹோட்டல் சமையலறையில் பன்றி இறைச்சி இருக்கும்; விருந்துக் கூடத்தில் மது இருக்கும். இந்தத் தயக்கம் நியாயமானது; இதைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. எனக்கும் இது நேர்ந்தது. 2008இல் தொழிற்பயிற்சிக்காக ஒரு ஹோட்டலில் சேர்ந்தபோது, இரண்டாம் வாரமே விருந்தில் மது ஊற்றச் சொன்னார்கள். என்னால் முடியாது என்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் முகம் சுளித்தாலும், காப்பி, தேநீர் மேசைக்கு மாற்றினார். இன்னொரு நாள் வேறொருவர் அப்படி மாற்ற மறுத்தார். அன்று இரவு முழுவதும் பின்கட்டில் தட்டு அடுக்கினேன். அத்தா சொன்னது நினைவுக்கு வந்தது. வீட்டில் சொல்லவில்லை.

அதே சமயம், ஹோட்டல் என்றாலே மதுக்கூடம் என்று நினைப்பதும் சரியல்ல. முன்னலுவலகம், அறைப் பராமரிப்பு, முன்பதிவு, விற்பனை, வருவாய் நிர்வாகம், கணக்கு, பொறியியல், பாதுகாப்பு, பணியாளர் பயிற்சி என்று எத்தனையோ பிரிவுகள் இருக்கின்றன. சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் 1978இலிருந்து ஹலால் சான்றிதழ் வழங்கி வருகிறது. ஹோட்டல்களுக்குள் இருக்கும் சில உணவகங்களும் விருந்துச் சமையலறைகளும் இன்று அந்தச் சான்றிதழ் பெற்றவை. சான்றிதழ் வேண்டுமென்றால் அங்கே முஸ்லிம் பணியாளர்கள் இருக்க வேண்டும். பொருள் எங்கிருந்து வருகிறது, எதில் சமைக்கிறது என்பதற்குப் பதிவேடு இருக்க வேண்டும். மார்க்கமும் தெரிந்து, சமையலறை நிர்வாகமும் படித்தவருக்கு அங்கே தனி மதிப்பு உண்டு. எந்த வேலை ஆகும், எது ஆகாது என்று ஐயம் வந்தால் ஆலிம்களைக் கேளுங்கள். கேட்காமலே கதவை மூடிவிடாதீர்கள்.

இரண்டாவது கௌரவம். முதல் தலைமுறை நின்று உழைத்தது. இரண்டாம் தலைமுறை அலுவலகத்தில் உட்கார்ந்தது. மூன்றாம் தலைமுறை மறுபடியும் நிற்க வேண்டுமா என்பதுதான் என் அத்தாவின் கேள்வி. இந்தக் கேள்வியில் பாசம் இருக்கிறது. ஆனால் இதற்குள், நன்னா செய்த தொழில் தாழ்ந்தது என்ற எண்ணமும் நமக்குத் தெரியாமலே ஒளிந்திருக்கிறது. 2020 டிசம்பரில் சிங்கப்பூரின் அங்காடி உணவுக் கலாசாரத்தை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. உலகம் மதித்ததை நாமும் மதிக்க வேண்டாமா?

மூன்றாவது வேலை நேரமும் சம்பளமும். இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஹோட்டல் 24 மணி நேரமும் திறந்திருக்கும். பெருநாள் அன்றும் வேலை வரலாம். இரவு நேர வேலை உண்டு. தொடக்கச் சம்பளம் வங்கி, கணினித் துறைகளை விடக் குறைவு. துறையும் ஆட்டம் காணும். 2003இல் சார்ஸ் வந்தபோது அறைகள் காலியாகக் கிடந்தன. 2019இல் 1 கோடியே 91 லட்சம் பயணிகள் வந்த சிங்கப்பூருக்கு, கொவிட் பரவிய 2020இல் வந்தவர்கள் 27 லட்சம் பேர்தான். என்னிடம் பொருள் வாங்கிய உணவகங்களில் சில அந்த ஆண்டு மூடின. எனக்கு வர வேண்டிய பாக்கியும் சில இடங்களில் வரவில்லை. இதை எல்லாம் தெரிந்துகொண்டுதான் பிள்ளைகள் வர வேண்டும்.

வகுப்பறையில் கண்ட நன்னா

கல்லூரியில் முதலாண்டு எனக்குப் பல பாடங்கள் ஏற்கெனவே கேட்டவைபோல் இருந்தன.

வருவாய் நிர்வாக வகுப்பில் ஆசிரியர் சொன்னார்: "இன்று இரவு விற்காத அறையை நாளைக்கு விற்க முடியாது." 100 அறைகள் உள்ள ஹோட்டலில் ஓர் இரவுக்கு 250 வெள்ளி வீதம் 80 அறைகள் விற்றால் வருமானம் 20,000 வெள்ளி. மொத்த அறைகளால் வகுத்தால் ஓர் அறைக்கு 200 வெள்ளி. விலையை 200 வெள்ளியாகக் குறைத்து 95 அறைகளை விற்றால் ஓர் அறைக்கு 190 வெள்ளி. அறைகள் அதிகம் நிறைந்தும் வருமானம் குறைகிறது. துப்புரவுச் செலவு கூடுகிறது. எந்த நாளில் விலையைக் குறைப்பது, எந்த நாளில் பிடித்து வைப்பது என்பதே அந்தப் படிப்பு. நன்னா மதியம் இரண்டு மணிக்குப் பிரியாணிச் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு வெள்ளிக்கிழமை, போயிரும். விலையைக் குறைக்காதே" என்று மாமாவிடம் சொல்வார். திங்கட்கிழமை என்றால் வேறு மாதிரிச் சொல்வார். கணக்கு ஒன்றுதான்.

வாடிக்கையாளர் சேவைப் பாடத்தில், விருந்தினரின் விருப்பங்களைக் குறித்து வைக்கக் கற்றுத் தந்தார்கள். நன்னாவுக்கு எந்த டாக்சி ஓட்டுநருக்குச் சீனி குறைவு, எந்த மலாய்ப் பெரியவருக்கு இஞ்சி அதிகம் என்பதெல்லாம் மனப்பாடம். சீன வாடிக்கையாளரிடம் ஹொக்கியனில் விலை சொல்வார். பள்ளிக்கூடமே போகாதவர்.

ஒரு பாடம் மட்டும் நன்னாவிடம் இல்லாதது. செந்தர சமையல் அட்டை. ஒரு பதார்த்தத்துக்கு என்னென்ன பொருள், எத்தனை கிராம், எத்தனை நிமிடம், எத்தனை பேருக்கு, ஒரு தட்டுக்கு அடக்க விலை என்ன என்பதை எல்லாம் ஓர் அட்டையில் எழுதி வைப்பார்கள். சமையல்காரர் மாறினாலும் சுவை மாறாது. தேங்காய் விலை ஏறினால் லாபம் எவ்வளவு குறையும் என்று அன்றே தெரியும். நம் கடைகளில் எல்லாம் கையளவு, கண்ணளவு. அது பெருமைதான். ஆனால் அந்தக் கை போனால் அளவும் போய்விடும்.

இன்று உள்ள வழிகள்

பெற்றோர்கள் அடிக்கடி கேட்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். உயர்நிலைப் பள்ளி முடித்துத் தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்குப் போகும் பிள்ளைக்கு, சமையலிலும் விருந்தோம்பல் பணியிலும் படிப்புகள் இருக்கின்றன. அங்கே நன்றாகச் செய்தால் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போகலாம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்று ஆண்டு டிப்ளோமா; அதில் சில மாதங்கள் தொழிற்பயிற்சி கட்டாயம்.  மேலே படிக்க விரும்பினால் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் விருந்தோம்பல் துறையில் பட்டப்படிப்பு உண்டு. வேலை பார்க்கும் பெரியவர்களும், குறிப்பாகச் சொந்தமாகப் பலகாரமோ பிரியாணியோ செய்து விற்கும் நம் சகோதரிகளும், ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையைக் கொண்டு உணவுப் பாதுகாப்பு, அடக்க விலைக் கணக்கு போன்ற குறுகிய பயிற்சிகளுக்குப் போகலாம்.

வேலை வாய்ப்பு ஹோட்டலோடு முடிவதில்லை. விமான நிறுவனம், உல்லாசக் கப்பல், மாநாட்டு ஏற்பாடு, மருத்துவமனை உணவுப் பிரிவு, பயண முகவர் நிறுவனம், உம்ரா, ஹஜ் பயண ஏற்பாடு என எல்லா இடங்களிலும் இதே படிப்பு கேட்கப்படுகிறது. 2010இல் ரிசார்ட்ஸ் வேர்ல்டு செந்தோசாவும் மரினா பே சேண்ட்ஸும் திறந்தன. மரினா பே சேண்ட்ஸில் மட்டும் அப்போது 2,500க்கும் மேற்பட்ட அறைகள். அங்கே சூதாட்டக் கூடங்கள் இருப்பதால் நான் விண்ணப்பிக்கவில்லை. தேசிய சேவை முடித்து 2011இல் வேறொரு ஹோட்டலின் முன்னலுவலகத்தில் சேர்ந்தேன். அதனால் எனக்கு நஷ்டம் எதுவும் வந்துவிடவில்லை.

இன்னொரு வாய்ப்பும் நம் வாசலுக்கே வந்திருக்கிறது. முஸ்லிம் பயணிகள் உலகெங்கும் பெருகிவிட்டார்கள். கிரசென்ட்ரேட்டிங்கும் மாஸ்டர்கார்டும் 2015 முதல் வெளியிடும் முஸ்லிம் பயணக் குறியீட்டில், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இல்லாத நாடுகளுள் சிங்கப்பூர் பல ஆண்டுகள் முதலிடம் பெற்றிருக்கிறது. தொழுகைத் திசை, நோன்பு திறக்கும் நேரம், சஹர் உணவு, ஹலால் கேள்விகள் ஆகியவற்றைப் புத்தகம் பார்த்துச் சொல்பவரைவிட, வாழ்ந்து அறிந்தவர் சொல்வது மேல். நான் முன்னலுவலகத்தில் இருந்தபோது, மத்தியக் கிழக்கிலிருந்து ஒரு குடும்பம் ரமலானில் வந்து தங்கியது. சஹருக்கு என்ன செய்வது என்று மேலாளர் விழித்தார். நன்னாவின் கடையில் அந்த நேரத்துக்குப் பராட்டாவும் தேநீரும் கிடைக்கும் என்று தெரிந்து ஏற்பாடு செய்தேன். மறுநாள் அந்தக் குடும்பத் தலைவர் என்னைத் தேடி வந்து ஸலாம் சொன்னார். அந்த மாதம்தான் அத்தா முதல்முறையாக, "உன் வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டார்.

எழுதாமல் போன அட்டை

இப்போது எஸ்கோஃபியரிடம் திரும்பி வருகிறேன்.

முதலாண்டில் சமையல் அட்டை எழுதக் கற்றபோதே, நன்னாவின் மீ கோரெங் சம்பாலுக்கும் கறி மசாலாவுக்கும் அட்டை எழுத வேண்டும் என்று நினைத்தேன். தராசு கூட வாங்கினேன். "அடுத்த வாரம் வாத்தா, கடையில உக்காந்து எழுதலாம்" என்றார். எனக்குத் தேர்வு வந்தது, பயிற்சி வந்தது, தேசிய சேவை வந்தது, வேலை வந்தது. 2012இல் நன்னா வஃபாத்தானார். மாமா ஓராண்டு கடையை நடத்திப் பார்த்தார். சம்பாலின் சுவை மாறிவிட்டது என்று பழைய வாடிக்கையாளர்கள் சொன்னார்கள். மாமாவுக்கும் முழங்கால் வலி. 2013இல் கடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். நன்னியிடம் கேட்டேன். மிளகாயையும் சோம்பையும் சொன்னார். "கடைசியில உங்க நன்னா ஏதோ ஒண்ணு போடுவாக, எனக்குத் தெரியாதுத்தா" என்றார்.

இன்று நான் டன் கணக்கில் மசாலா விற்கிறேன். அந்தச் சம்பாலை மட்டும் இதுவரை செய்ய முடியவில்லை. யார்மீதும் பழி இல்லை. கற்றவன் நான், எழுதாமல் விட்டவனும் நான்.

இந்த நிலை உங்கள் வீட்டிலும் வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் இன்னும் அடுப்படியில் நிற்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒரு தராசும் நோட்டும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். ஒரு கைப்பிடி எத்தனை கிராம் என்று நிறுத்துப் பாருங்கள். சங்க அலுவலகத்தில் அவற்றைத் திரட்டி வைத்தால், அடுத்த மலருக்கு அதுவே ஒரு தொகுப்பாகும்.

சங்க நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள். பல்கலைக்கழகத்துக்கும் மதரஸாவுக்கும் போகும் பிள்ளைகளுக்கு நம் கல்வி உதவித் தொகை பேருதவியாக இருக்கிறது. சமையலும் ஹோட்டல் நிர்வாகமும் படிக்கும் பிள்ளைகளையும் அதே மேடைக்கு அழைத்துக் கொடுங்கள். பெற்றோர் பார்க்கட்டும்.

அத்தாவின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. தட்டுக் கழுவுவதற்கு டிப்ளோமா தேவையில்லைதான். ஆனால் தட்டுக் கழுவிய ஒருவரின் அறிவு அவரோடு மண்ணுக்குள் போய்விடாமல் இருக்க, நம் வீட்டில் யாராவது ஒருவர் அந்தத் தொழிலைப் படித்திருக்க வேண்டும். சென்ற ஆண்டு என் தங்கை மகள் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் சமையல் படிப்புக்கு விண்ணப்பித்தாள். அவளுக்குத் தராசு வாங்கிக் கொடுத்தவர் என் அத்தா.

நம் முன்னோரின் உழைப்பை வல்ல இறைவன் ஏற்றுக்கொள்வானாக. நம் பிள்ளைகளின் கைகளில் ஹலாலான வாழ்வாதாரத்தையும் பரக்கத்தையும் தருவானாக. ஆமீன்.